உலர நான்கு நிமிடம்

ஜனவரி 6

கம்பெனி கொடுத்த புது டைரி. போன வருட டைரியில் பொங்கல் வரைதான் எழுதியிருந்தேன். இந்த வருடமாவது தொடர வேண்டும்.

இன்று புதுச் சொலுசன் சோதனை. ஷூவின் மேல்தோலையும் அடிப்பாகத்தையும் ஒட்டும் பசைக்கு எங்கள் தொழிற்சாலையில் சொலுசன் என்றுதான் பெயர். நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள்; ஆய்வகத்தில் பதினொரு வருடம் கழித்த பிறகு என் வாயிலும் அதுதான் வருகிறது. பழையது உலரப் பதினொரு நிமிடம். புதியது நான்கு. ஒட்டியதை இழுத்துப் பார்க்கும் இயந்திரத்திலும் குறை இல்லை. மேனேஜர் ரங்கராஜன் சார் ஸ்டாப்வாட்சைத் தன் கையில் வாங்கி மூன்று முறை பார்த்தார்.

"வனஜா, இது உன்ன எங்கயோ கொண்டுபோய் விடப்போவுது, பாரு" என்றார்.

காரணம் எளிது. புதியதில் கரைப்பான் ஹெக்சேன். அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் விசை மிக மெலிது. ஒரு கணம் ஒரு பக்கம் எலக்ட்ரான் கூடுகிறது. பக்கத்து மூலக்கூறு அதற்கேற்பச் சாய்கிறது. அடுத்த கணம் அது கலைந்துவிடுகிறது. அவ்வளவுதான் பிடி. அறையின் சூடே அவற்றைப் பிரித்துக் காற்றில் அனுப்பப் போதும்.

ஜனவரி 9

அறிக்கை கொடுத்தேன். மூன்று பக்கம். ரங்கராஜன் சார் இரண்டாகச் சுருக்கித் தரச் சொன்னார். சுருக்கிக் கொடுத்தேன். மாலையில் ரேஷன் கடை. துவரம் பருப்பு இன்னும் வரவில்லை.

ஜனவரி 21

நேற்றிலிருந்து பேஸ்டிங் ஹாலில் புதுச் சொலுசன். குணாவுக்குப் பிடித்திருக்கிறது. குணசுந்தரி என் வீட்டுக்காரரின் தங்கை. இருபத்தேழு வயது. கல்யாணம் வேண்டாம், வேலை வேண்டும் என்று சொல்லி மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களிடம் வந்தவள். இரண்டாவது டேபிளில் அவளைச் சேர்த்துவிட்டது நான்தான்.

"பழசு வாசனைக்கு மண்ட பொளந்துக்கும் அண்ணி. இதுல வாசனையே கம்மி. தடவி வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள காஞ்சிடுது. எப்டி?"

சாம்பிள் பாட்டிலில் கொஞ்சம் என் பையில் இருந்தது. தோசைக்கரண்டியின் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும், பக்கத்தில் ஒரு சொட்டு ஹெக்சேனும் விட்டேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அப்படியே நின்றது. ஹெக்சேன் சுருங்கி, வளையமாகி, இல்லாமல் போனது.

"தண்ணி ஒன்ன ஒன்னு கெட்டியா புடிச்சிருக்கும். இது சும்மா தொட்டுட்டு நிக்கும். கொஞ்சம் சூடு பட்டா போதும், விட்டுட்டுப் போயிடும்."

"போயி எங்க இருக்கும்?"

"காத்துல."

"அப்ப அந்தக் காத்த யாரு குடிக்கறது? நாங்கதானா?" என்று சிரித்தாள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் எதற்கு இருக்கிறது என்றேன். ஆறில் இரண்டுதான் ஓடுகிறதாம். மற்றதைப் போட்டால் தூசி வந்து சொலுசன் மேல் உட்காருகிறது என்று நிறுத்திவிட்டார்களாம். சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 14

ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ஜோடி என்பது தொள்ளாயிரம் ஆகியிருக்கிறது. நோட்டீஸ் போர்டில் இரண்டாவது டேபிளின் படம். நடுவில் குணா, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. கீழே ஆய்வகத்துக்கு நன்றி என்று என் பெயர்.

குணா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது, அதனால் இருக்கும்.

மார்ச் 11

ஃபேன் விஷயத்தை மெயின்டெனன்ஸில் கேட்டேன். வெளிநாட்டு ஆடிட் முடியட்டும் என்றார்கள்.

ஏப்ரல் 3

குணாதான் ஸ்கூட்டர் ஓட்டுவாள், நான் பின்னால் உட்காருவேன். இன்று ரயில்வே கேட்டில் நின்றபோது பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏம்மா, உன் செருப்பு அங்கயே விழுந்து கெடக்குது பாரு."

குணா காலைப் பார்த்தாள். வலது காலில் செருப்பில்லை. "அட, எப்ப கழண்டுச்சு?" என்றாள். நான் இறங்கிப் போய் எடுத்து வந்தேன். நூறடி இருக்கும். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஏப்ரல் 19

மாடிப்படியில் குணா விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சத்துக்குறைவு என்று பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மதியம் ஷமீம் அக்கா ஆய்வகத்துக்கு வந்தார். இரண்டாவது டேபிளிலேயே மூத்தவர். கையை என் மேஜைமேல் விரித்து வைத்தார்.

"மேடம், கை மரத்துப் போவுது. ஜாக்கெட் ஊக்கு போட முடியல. பொண்ணுதான் போட்டு விடறா. வயசாயிடுச்சில்ல, அதான்னு நெனைக்கிறேன். ஆனா பக்கத்துல நிக்கிற சின்னப் பொண்ணும் அதையே சொல்லுது. மேடத்த ஒரு வார்த்த கேப்போம்னு வந்தேன்."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மே 3

அளந்தேன்.

மே 4

காலையில் வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். வீட்டுக்காரர் டிரிப் முடிந்து வந்தார். வேலூர் திருப்பத்தூர் பஸ்ஸில் கண்டக்டர்; இரண்டு நாளாகக் கால் வீங்கியிருக்கிறது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். பங்கனப்பள்ளி மாம்பழம் வாங்கி வந்திருந்தார். குணா இரண்டு துண்டு சாப்பிட்டாள். பீரோவை ஒதுக்கினேன். பழைய புடவைகளை எல்லாம் எடுத்து வெயிலில் போட்டு மடித்து வைத்தேன். வாசல் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

மே 12

ஹாலில் எல்லாருக்கும் மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே கருப்பாகக் கரித்தூள் திண்டு. யாரோ கேட்டிருக்கிறார்கள் போல.

கரி ஆவியை இழுத்துவைத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அதுவும் அதே மெலிந்த பிடிதான். இடம் நிறைந்துவிட்டால் அதற்குமேல் பிடிக்காது. சூடானால் பிடித்ததையும் விட்டுவிடும். அந்த ஹாலில் ஒரு மாஸ்க் சில மணி நேரம்தான் தாங்கும். கொடுத்தது மாதத்துக்கு ஒன்று. பெண்கள் அதைத் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறார்கள்.

ஷமீம் அக்காவிடம் துவைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

மே 20

குணா ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டாள். ஃபுட்போர்டில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்கிறாள். பஸ்ஸில் போகிறோம். இன்று ஒரு அம்மாவை எழுப்பி அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தேன்.

"அண்ணி, என்னைக் கட்டிங் செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி சார்கிட்ட கேக்கறீங்களா? அங்க போனா தேவலாம்னு தோணுது."

"இந்த ஆர்டர் போகட்டும், பேசறேன்" என்றேன்.

"சரி அண்ணி."

மே 22

குணா ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. நான்கு பேர் தூக்கி வந்து ஆட்டோவில் வைத்தார்கள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. அவர் வண்டியைப் பாதியில் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தார்.

மே 25

நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் சோதனை எல்லாம் முடிந்தது. டாக்டர் ஜெசிந்தா சின்ன வயதுக்காரர், நிதானமாகக் கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஷூ கம்பெனில சொலுசன் தடவறது டாக்டர்."

"அதுல என்ன கலந்திருக்குன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. எங்க அண்ணிக்குத் தெரியும். அவங்கதான் அங்க கெமிஸ்ட்டு."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கரைப்பானின் பெயரைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"எத்தனை மாசமா?"

"நாலு."

"அந்த ஹால்ல எத்தனை பேர்?"

"முப்பத்திரண்டு பேர்."

"இப்பவும் வேலை செஞ்சிட்டு இருக்காங்களா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டரை. "செய்றாங்க" என்றேன்.

வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இனி அந்தக் காற்றைச் சுவாசிக்காவிட்டாலும் இன்னும் இரண்டு மூன்று மாதம் அதிகமாகிக்கொண்டேதான் போகும். பிறகுதான் குறையத் தொடங்கும். எவ்வளவு குறையும் என்று இப்போது சொல்ல முடியாது.

உள்ளே போன ஹெக்சேன் ஹெக்சேனாகவே இருப்பதில்லை. ஈரல் அதை வேறொன்றாக மாற்றுகிறது. அந்த வேறொன்று நரம்பின் புரதத்தோடு உண்மையான பிணைப்பே போட்டுக்கொள்கிறது. அது சூட்டுக்கு விடாது. கழுவினால் போகாது. ஒரு கரண்டிமேல் ஒரு நிமிடம் நிற்க மாட்டாதது அங்கே போய் அப்படி நின்றுவிடுகிறது. நான் இதைப் படித்திருக்கிறேன். டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஜூன் 2

ரங்கராஜன் சாரைப் பார்த்தேன். சொலுசனை இன்றே நிறுத்த வேண்டும் என்றேன். அவர் கத்தவில்லை. பீரோவைத் திறந்து என் அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தார்.

"படி. காத்தோட்டம்னு ஒரு வார்த்தை இருக்கா இதுல?"

இல்லை. அது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஆறு ஃபேனும் ஓட வேண்டும், இன்னும் நான்கு போட வேண்டும், மாதம் ஒருமுறை காற்றை அளக்க வேண்டும், கை கால் மரத்தால் உடனே வேலை மாற்ற வேண்டும். சுருக்கச் சொன்னபோது அந்தப் பக்கத்தைத்தான் எடுத்தேன்.

"அது மெயின்டெனன்ஸ் விஷயம், தனியா அனுப்பிக்கலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். அனுப்பினியா?"

அனுப்பவில்லை.

"கையெழுத்து யாருது வனஜா?" என்று மெதுவாகக் கேட்டார். "போய் வேலையப் பாரு. ரெண்டு பேருக்கும் நல்லது."

ஜூன் 5

ஷமீம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மகள்தான் டீ டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். என்ன சொலுசன், உள்ளே போய் என்ன செய்கிறது, மூன்றாம் பக்கம், எல்லாம். ஒன்றைத் தவிர.

மகளிடம் டம்ளரை வைத்துவிடச் சொன்னார்.

"நாளைக்கு நான் வேலைக்கு வரலன்னா என் எடத்துல இன்னொருத்தி வந்து நிப்பா மேடம். அவளுக்கு யாரு சொல்றது?"



"எழுதுங்க" என்றார் அவரே. "யார் யாருக்கு கை கால் மரத்திருக்குன்னு பேர் சொல்றேன், எழுதிக்குங்க. எனக்குப் பேனா புடிக்க வராது."

பதினோரு பெயர். தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பேர் கைநாட்டு; அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை.

ஜூன் 16

ஆய்வாளர் வந்தார். ஆறு ஃபேனும் ஓடின. ஜன்னல்கள் திறந்திருந்தன. டேபிள்களில் பழைய சொலுசன். மண்டையைப் பிளக்கும் அந்த வாசனை வராந்தா வரை வந்தது. ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். நான்கு மணிக்கு ஃபேன்கள் நின்றன.

ஜூன் 19

குணாவால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஊட்டிவிடுகிறேன். கஞ்சி, மசித்த சோறு. குளிப்பாட்டுகிறேன். இடது பாதம் கீழே தொங்கிவிட்டது, தானாக மேலே வராது. எடை முப்பத்தெட்டு கிலோ.

"உங்களுக்குத்தான் கஷ்டம் அண்ணி" என்கிறாள். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்."

ஜூன் 23

ஷமீம் அக்கா போன் செய்தார். ஆதாரம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று ஆய்வாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். "ஹால்ல காத்து எப்டி இருந்துச்சுன்னு யாராவது அப்பவே அளந்து வெச்சிருந்தா பரவால்லன்னாரு. யாரு அளந்தாங்க, போங்க மேடம்."

ஜூன் 24

எழுதவில்லை.

ஜூன் 28

ஷமீம் அக்காவுக்குப் போன் செய்தேன். நான் அளந்தேன் என்றேன்.

ஜூலை 1

ஆய்வாளர் அலுவலகத்தில் விசாரணை. பதினோரு பேரும் இரண்டு வேனில் வந்தார்கள். குணாவை அவள் அண்ணன் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்துப் பக்கத்திலேயே நின்றார். நீங்கள் வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். குணாதான் வந்தே தீருவேன் என்றாள்.

மூன்றாம் பக்கத்தை வைத்தேன். ஆய்வக ரிஜிஸ்டரின் நகலை வைத்தேன். பீரோவில் புடவைக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தேன். காற்றை இழுத்தால் ஆவி இருக்கும் அளவுக்கு உள்ளே நிறம் ஏறும். கடைசிக் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. ரங்கராஜன் சாரின் வக்கீல் அதைக் கையில் எடுத்துக் காலாவதியான குழாய் என்றார். ஆமாம் என்றேன். ஆய்வாளர் ரிஜிஸ்டரில் தேதியைப் பார்த்தார்.

"மே மூணாம் தேதி அளந்திருக்கீங்க."

"ஆமா சார்."

"உங்க நாத்தனார் எப்ப வேலைக்குப் போறத நிறுத்தினாங்க?"

"மே இருபத்திரண்டு."

"நடுவுல?"

"போனாங்க." பெஞ்சுப் பக்கம் நான் பார்க்கவில்லை. "நான்தான் தெனமும் கூட்டிட்டுப் போனேன்."

அவர் எழுதிக்கொண்டார். 

இங்கே எழுதிவிடுகிறேன். குழாய் பழையது, தப்பாகக் காட்டியிருக்கும் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். புதுக் குழாய் வரவழைத்து மறுபடி அளக்கலாம் என்று இரண்டாம் நாள். கேட்டு எழுதவே இல்லை. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்றால் மூன்றாம் பக்கம் வரும். ஜூலையில் காலியாகும் சீஃப் கெமிஸ்ட் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. குணாவை மட்டுமாவது அடுத்த நாளே வீட்டில் நிறுத்தியிருக்கலாம். அவளை நிறுத்தினால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதனால்தான் நிறுத்தவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

வேனிலேயே திரும்பினோம். வீட்டு வாசலில் இறக்கும்போது குணா அண்ணனிடம் சொன்னாள், என்னிடம் அல்ல:

"பத்தொன்பது நாளு."

ஜூலை 4

அவர் டிப்போவிலேயே சாப்பிட்டுவிடுகிறார். குணா என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். பக்கத்து வீட்டம்மா வந்து ஊட்டுகிறார். குளிப்பாட்ட மட்டும் நான்தான். அப்போது கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஜூலை 22

ஹாலை மூடச் சொல்லி உத்தரவு. ஃபேன்கள் போட்டு, சொலுசனை மாற்றி, அளந்து காட்டிய பிறகுதான் திறக்கலாம். முப்பத்திரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில் சோதனை. ஏழு பேர் அவர்களுக்கே தெரியாமல் ஆரம்ப நிலையில் இருந்தார்களாம். இப்போது நிறுத்தினால் தப்பித்துவிடுவார்கள் என்று டாக்டர் ஜெசிந்தா சொன்னதாக ஷமீம் அக்கா சொன்னார். ரங்கராஜன் சார்மேல் வழக்கு. என்மேலும்.

எனக்குச் சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. ஒரே பக்கம்தான்.

ஷமீம் அக்கா போனை வைக்கும் முன்னால், "நீங்க சொன்னது நல்லது மேடம்" என்றார். கொஞ்சம் விட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

ஆகஸ்ட் 9

அதிகமாவது நின்றுவிட்டது என்கிறார் டாக்டர். கை விரல்களில் கொஞ்சம் அசைவு. கால் எப்படி என்று கேட்டேன். ஒரு வருடம் போகட்டும், பார்க்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 17

குணா அரக்கோணத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அவளே கேட்டுக்கொண்டது. அண்ணன் லீவு போட்டுக் கொண்டுபோய் விடுகிறார்.

பையில் துணிகளை அடுக்கினேன். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக் கட்டினேன். ஒரு தாளில் எல்லாம் எழுதினேன்: எந்த மாத்திரை எப்போது, பாதத்துக்குக் கட்டு எத்தனை மணி நேரம், வெந்நீரில் குளிப்பாட்டும் முன் சூட்டை நம் கையால் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவளுக்குச் சூடு தெரியாது. படுக்கையில் எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். டாக்டர் போன் நம்பர்.

அண்ணன் தூக்கிக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்தார். நான் ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினேன். அவள் கை எழும்பவில்லை. பார்வை மட்டும் தாளில் நின்றது.

"எல்லாம் எழுதியிருக்கீங்களா? எதையும் விட்டுடலியே?"

ஒன்றரை மாதத்தில் என்னைப் பார்த்து அவள் பேசியது இதுதான். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டு, கார்க் கதவில் வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துப் பார்த்தேன். வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"விடல" என்றேன்.

தாளை அவள் மடியில் வைத்தேன். அவர் கதவைச் சாத்தினார்.